கைக்கு ஏத்தபடி மவுஸ்: நடுங்குற கை, வலிக்கிற கை, ஒத்தக் கை எல்லாருக்கும் கம்ப்யூட்டர சரி பண்ணிக் குடுக்கிறது எப்படி

மவுஸ் சரியா வரலன்னு சொல்ற யாரையும் "பழக்கம் இல்லல்ல, போகப்போக வந்துரும்"னு சொல்லி அனுப்பிராதீங்க. பழக்கம் இல்லாம வர்ற சிரமம் கொஞ்ச நாள்ல தானா போயிரும். ஆனா கை நடுக்கம், விரல் மூட்டுவலி, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைஞ்சது, கண்ணு மங்குறது, இதெல்லாம் பழகினா போற விஷயமே இல்ல. அந்தக் கை எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், மவுஸத்தான் மாத்தணும். அதுக்கு வேண்டியதுல முக்கால்வாசி விண்டோஸுக்குள்ளயே சும்மா கெடக்கு, பத்து பைசா செலவு இல்ல, எங்க இருக்குன்னுதான் நெறைய பேருக்குத் தெரியல.

இங்க ரங்கூன்ல நம்ம ஆளுங்க வயசானாலும் கணக்க விடுறதில்ல. பயின்னாங் சந்தைப் பக்கம் உளுந்து, துவரை ஏவாரம் பாக்குற மாமாமாரு எத்தனையோ பேரு இப்பவும் தாங்களே எக்செல்ல மூட்டைக் கணக்கு போட்டு சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் மெயில் அனுப்புறாங்க. கோயில் நோட்டீஸ் டைப் பண்றவங்க, கல்யாணப் பத்திரிக்க டிசைன் பண்றவங்க, பேரப்புள்ளைங்க கூட வீடியோ கால் பேசுறதுக்காகவே கம்ப்யூட்டர் பழகின அத்தைமாரு, இவங்கள்ல யாராவது ஒருத்தர் மவுஸ் பிடிக்க முடியாமப் போயி "இனி எனக்கு வேணாம்ப்பா"ன்னு எந்திரிச்சா எனக்கு மனசு தாங்காது. அவங்களுக்கு செட் பண்ணிக் குடுக்கப் போற மகனுக்கும் மகளுக்கும் பேரனுக்கும்தான் இத எழுதுறேன்.

முதல் படி: செட்டிங்ஸத் தொடாதீங்க, கையப் பாருங்க

பக்கத்துல உக்காந்து அஞ்சு வேல செய்யச் சொல்லுங்க. பாயிண்டர ஸ்க்ரீனோட ஒரு மூலைல இருந்து எதிர் மூலைக்குக் கொண்டு போகணும், ஒரு ஐகான ஒரு தடவ கிளிக் பண்ணணும், ஒரு ஃபோல்டர டபுள் கிளிக் பண்ணித் தொறக்கணும், ஒரு ஃபைல இழுத்து இன்னொரு இடத்துல போடணும், கடைசியா ரைட் கிளிக் பண்ணி வர்ற மெனுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும். நடுவுல "இங்க மாமா, இங்க"ன்னு கைய நீட்டிக் காட்டாதீங்க, சும்மா கவனிங்க.

பாயிண்டர் எங்க இருக்குன்னே தேடுறாங்களா, அது கண்ணுப் பிரச்சின. எடத்துக்குப் போயிருது ஆனா நிக்க மாட்டேங்குது, தாண்டித் தாண்டிப் போகுது, அது வேகத்துப் பிரச்சின. சரியா போயி நிக்குது, அமுக்குற அந்த நொடில விலகுது, அது கிளிக் பிரச்சின. இழுக்கும்போது பாதில விட்டுருறாங்க, அது விரலால ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்க முடியாததால. மவுஸத் தூக்கித் தூக்கி வச்சாத்தான் ஸ்க்ரீன கடக்க முடியுதுன்னா மணிக்கட்டோ தோளோ அசையிற தூரம் கம்மியா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற வேற, ஒருத்தருக்கு நல்லது பண்ற அதே செட்டிங் இன்னொருத்தருக்குக் கெடுதல் பண்ணும், அதனாலதான் இந்தப் படிய யாரும் தாண்டக்கூடாதுன்னு சொல்றேன்.

அப்படியே மவுஸையும் ஒரு தடவ சந்தேகப்படுங்க. நம்ம கடைங்கள்ல மேச மேல கண்ணாடி போட்டு அதுக்கடில காலண்டரு, சாமி படம் வைக்கிறது வழக்கம், அந்தக் கண்ணாடி மேல சாதாரண ஆப்டிகல் மவுஸ் ஒழுங்கா ஓடாது, பாயிண்டர் துள்ளும். ஒரு துணி பேடு போட்டுட்டுப் பாருங்க. இன்னொண்ணு, ரொம்ப நாள் ஓடின மவுஸ்ல உள்ள இருக்குற சின்ன சுவிட்ச் தேஞ்சு போயி ஒரு தடவ அமுக்கினா ரெண்டு தடவயா போகும், பாக்குறதுக்கு கை நடுங்கி ரெண்டு தடவ அமுக்குற மாதிரியே இருக்கும். அதனால வேற ஒரு மவுஸ மாட்டி அதே அஞ்சு வேலையையும் செய்ய வச்சுப் பாத்துட்டு அப்புறம் கையப் பத்திப் பேசலாம்.

அடுத்தது: பாயிண்டர் கண்ணுக்குத் தெரியணும்

இது சுலபம், அஞ்சு நிமிஷ வேல. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ் போயி அக்சஸிபிலிட்டி, அதுல மவுஸ் பாயிண்டர் அண்ட் டச். சைஸ் 1ல இருந்து 15 வரைக்கும் இருக்கு. கலர நீங்களே எடுத்துக்கலாம், வெள்ள எக்செல் ஷீட்டு மேல வெள்ள அம்ப வச்சா எந்தக் கண்ணுக்கும் கஷ்டம்தான், நல்ல பச்சையோ மஜந்தாவோ போடுங்க. ரொம்பப் பெருசாக்கினா கீழ இருக்குற எழுத்த மறைக்கும், அதனால ஒவ்வொரு நம்பரா ஏத்தி அவங்களையே சொல்லச் சொல்லுங்க.

டைப் பண்ற இடத்துல மினுக்குற சின்னக் கோடு தெரியலன்னா அதே அக்சஸிபிலிட்டில டெக்ஸ்ட் கர்சர்னு தனியா இருக்கு, அதுல இண்டிகேட்டர ஆன் பண்ணா கோட்டுக்கு மேலயும் கீழயும் கலர்ல குமிழ் வரும். அதோட கண்ட்ரோல் கீய அமுக்கினா பாயிண்டரச் சுத்தி வட்டம் வர்ற மாதிரியும் வைக்கலாம், இது பழைய மவுஸ் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டில பாயிண்டர் ஆப்ஷன்ஸ் டேப்போட அடியில இருக்கு. அந்தப் பெட்டிக்கு எப்படிப் போறதுன்னு இப்பவே சொல்லிறேன், இனிமே அடிக்கடி வேணும்: செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ், அங்க அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ். விண்டோஸ் 10ல டிவைசஸ், மவுஸ், அடிஷனல் மவுஸ் ஆப்ஷன்ஸ்.

வட்டம் பத்தலன்னா மைக்ரோசாஃப்டே இலவசமா குடுக்குற பவர்டாய்ஸ இறக்கிக்கோங்க, அதுல ஃபைண்ட் மை மவுஸ்னு ஒண்ணு, இடது கண்ட்ரோல ரெண்டு தடவ தட்டினா ஸ்க்ரீன் முழுக்க மங்கி பாயிண்டர் இருக்குற இடம் மட்டும் வெளிச்சமா தெரியும். கண்ணுல புரை வளர்ந்தவங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வேகம், ஆக்ஸலரேஷன்: இங்கதான் நெறைய பேரு தப்பான பக்கம் திருப்புறாங்க

மவுஸ் ப்ராப்பர்ட்டீஸ்ல பாயிண்டர் ஆப்ஷன்ஸ் டேப். மேல வேகத்துக்கு ஒரு ஸ்லைடர், அதுக்குக் கீழ என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிசிஷன்னு ஒரு டிக். பேரக் கேட்டா எதோ துல்லியம் கூட்டுறது மாதிரி இருக்கும், எல்லாரும் டிக்க அப்படியே விட்டுருவாங்க. அது பண்றது என்னன்னா, கை மெதுவா போனா பாயிண்டர் கம்மியான தூரம் போகும், அதே தூரத்தக் கை வேகமா போனா பாயிண்டர் ரொம்ப தூரம் பாயும். அதுதான் ஆக்ஸலரேஷன்.

இப்ப நடுங்குற கைய நெனச்சுப் பாருங்க, நடுக்கங்கிறதே சின்னச் சின்ன வேகமான அசைவு. ஒவ்வொரு உதறலையும் இந்த டிக் பெருசாக்கிக் காட்டும். அதனால நடுக்கம் இருக்குறவங்களுக்கு டிக்க எடுத்துருங்க, ஸ்லைடரையும் இடது பக்கமா இறக்குங்க. மவுஸோட சக்கரத்துக்குக் கீழ ஒரு சின்ன பட்டன் இருந்தா அது பெரும்பாலும் டிபிஐ பட்டன், 1600ல இருந்தா 800க்கோ அதுக்கும் கீழயோ இறக்குங்க. டிபிஐன்னா மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தா எத்தன புள்ளி கணக்குக் குடுக்குதுங்கிறது, அதக் கொறச்சாலே பாதி துள்ளல் அடங்கும்.

ஆனா மணிக்கட்டு அசையிற தூரமே கம்மியா இருக்குறவங்களுக்கு, மூட்டுவலியோ தசை பலவீனமோ இருந்து ரெண்டு விரல் அகலத்துக்குள்ளதான் மவுஸ நகர்த்த முடியும்னா, நேர் எதிரா செய்யணும். ஆக்ஸலரேஷன் இருக்கட்டும், வேகத்தையும் ஏத்துங்க, ஒரு சின்னச் சுண்டுல ஸ்க்ரீன் கடந்துரும், மெதுவா நகர்த்தினா குறிப் பாக்கவும் முடியும். மூட்டுவலிக்காரங்களுக்கு "மெதுவா வச்சுருக்கேன் அத்தை, சுலபமா இருக்கும்"னு வேகத்தக் கொறச்சுக் குடுத்துட்டுப் போனா சாயங்காலத்துக்குள்ள அவங்க மணிக்கட்டு வீங்கிரும்.

அதே டேப்ல ஸ்னாப் டூன்னு ஒண்ணு இருக்கு, ஒரு பெட்டி தொறந்தா பாயிண்டர் தானா ஓகே பட்டன் மேல போயி உக்காரும். சிலருக்கு உதவும், ஆனா படிக்காம ஓகே அமுக்கிருற பழக்கம் இருக்குறவங்களுக்கு வேண்டாம், அழிக்கவான்னு கேக்குற பெட்டிலயும் அது போயி உக்காந்துரும்.

டபுள் கிளிக்க முடிஞ்ச வரைக்கும் ஒழிச்சுக் கட்டுங்க

என்னக் கேட்டா, வயசானவங்களக் கம்ப்யூட்டர் கிட்ட இருந்து வெரட்டுறதுல முதலிடம் டபுள் கிளிக்குக்குத்தான். எல்லாரும் சொல்ற தீர்வு, பட்டன்ஸ் டேப்ல டபுள் கிளிக் ஸ்பீட ஸ்லோ பக்கம் தள்ளுறது. விண்டோஸ்ல வழக்கமா ரெண்டு கிளிக்குக்கும் நடுவுல அரை செகண்டு வரைக்கும் ஒத்துக்கும், ஸ்லைடரத் தள்ளினா அது கூடும். விரல் மெதுவா இருக்குறவங்களுக்கு அதுவே போதும்.

நடுக்கம் இருக்குறவங்களுக்கு அது பத்தாது. ஏன்னா நேரம் மட்டும் கணக்கில்ல, இடமும் கணக்கு. முதல் கிளிக் எங்க விழுந்துச்சோ அதச் சுத்தி ஒரு நாலு பிக்சல் (ஸ்க்ரீன்ல இருக்குற குட்டிப் புள்ளி) கட்டத்துக்குள்ள ரெண்டாவது கிளிக் விழுந்தாத்தான் விண்டோஸ் அத டபுள் கிளிக்குன்னு எடுத்துக்கும். நடுங்குற கைல அது எப்படி முடியும், நேரம் எவ்வளவு குடுத்தாலும் தொறக்காது, அவங்க "எனக்கு புத்திக்கு எட்டல"ன்னு நெனச்சுக்குவாங்க. இதுக்கு மூணு வழி இருக்கு, நான் சொல்ற வரிசைல முயற்சி பண்ணுங்க.

நல்ல வழி, டபுள் கிளிக்கே இல்லாமப் பண்றது. ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல மூணு புள்ளி மெனுவத் தொறந்து ஆப்ஷன்ஸ் போங்க, ஜெனரல் டேப்ல சிங்கிள் கிளிக் டு ஓபன் அன் ஐட்டம்னு இருக்கும், அதத் தேர்ந்தெடுத்து அப்ளை. அவ்வளவுதான், இனிமே ஃபோல்டரும் ஃபைலும் டெஸ்க்டாப் ஐகானும் ஒரே கிளிக்ல தொறக்கும். ஒரு ஃபைல தொறக்காம தேர்ந்தெடுக்க மட்டும் பாயிண்டர அது மேல கொஞ்ச நேரம் நிறுத்தணும், இது பழக ரெண்டு நாள் ஆகும்.

இந்த முறை பிடிக்கலன்னா ஒரு கிளிக் பண்ணிட்டு எண்டர் கீய அமுக்கச் சொல்லுங்க, அதுவும் தொறக்கும்.

இல்லாட்டி மவுஸ்ல சக்கரத்தையே டபுள் கிளிக்கா மாத்தலாம். எக்ஸ் மவுஸ் பட்டன் கண்ட்ரோல்னு விண்டோஸுக்கு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன வேல வேணுமோ குடுக்கலாம், ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் தனித்தனியாவும் குடுக்கலாம். சக்கரத்த ஒரு தடவ அமுக்கினா டபுள் கிளிக், பக்கவாட்டு பட்டன அமுக்கினா காப்பி, அடுத்ததுல பேஸ்ட். எக்செல்ல நாள் பூரா கணக்குப் போடுறவங்களுக்கு இந்தக் காப்பி பேஸ்ட் பட்டன் ரெண்டும் விரலுக்கு எவ்வளவு ஓய்வு குடுக்குதுன்னு பயன்படுத்திப் பாத்தாத்தான் தெரியும்.

இழுத்துப் போடுறதும், தெரியாம இழுபடுறதும்

பட்டன்ஸ் டேப்லயே அடில கிளிக் லாக்னு ஒரு டிக் இருக்கு. அத ஆன் பண்ணா, பட்டன ஒரு நொடி போல அமுக்கி விட்டாப் போதும், கம்ப்யூட்டர் அத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்குறதா எடுத்துக்கும், கைய விட்டுட்டு மவுஸ மட்டும் நகர்த்தலாம், போட வேண்டிய இடம் வந்ததும் இன்னொரு கிளிக். எவ்வளவு நேரம் அமுக்கினா லாக் ஆகணும்னும் மாத்தலாம். விரல்ல அழுத்தம் தாங்காதவங்களுக்கு இதுதான் சரி. நடுக்கம் இருந்து பட்டன ரொம்ப நேரம் அமுக்குற வழக்கம் உள்ளவங்களுக்கு இத ஆன் பண்ணிராதீங்க, சும்மா கிளிக் பண்ணப் போயி எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும்.

அவங்களுக்கு வர்ற பிரச்சின தலைகீழ். கிளிக் பண்ணும்போதே கை விலகி ஃபைலு இன்னொரு ஃபோல்டருக்குள்ள போயி விழுந்துரும், அப்புறம் "ஃபைல் காணாமப் போச்சு"ன்னு வீடே அல்லோலப்படும். விண்டோஸ் நாலு பிக்சல் நகர்ந்தாலே இழுக்குறாங்கன்னு முடிவு பண்ணிரும், அதான் காரணம். இதப் பெருசாக்கலாம். விண்டோஸோட உள் மதிப்புங்கள மாத்துற ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல ஹெச்கீ கரண்ட் யூசர், அதுல கண்ட்ரோல் பேனல், அதுல டெஸ்க்டாப் போனா டிராக்ஹைட், டிராக்விட்த்னு ரெண்டு மதிப்பு இருக்கும், ரெண்டும் 4ன்னு இருக்கும், அத 20 இல்ல 30 ஆக்குங்க, லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க. டபுள் கிளிக்குக்கான அந்த நாலு பிக்சல் கட்டத்துக்கும் இதே மாதிரி கண்ட்ரோல் பேனல்ல மவுஸ்ங்கிற இடத்துல டபுள்கிளிக்ஹைட், டபுள்கிளிக்விட்த்னு இருக்கு. ரெஜிஸ்ட்ரியத் தொடுறதுக்கு முன்னால ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க, வேற எதையும் தொடாதீங்க. இந்த ஒரு மாத்தத்துக்கு அப்புறம் காணாமப் போற ஃபைலு எவ்வளவு குறையுதுன்னு நீங்களே பாப்பீங்க.

ஃபைலு எங்கயோ இழுபட்டுருச்சுன்னா பதறாம கண்ட்ரோலும் இசட்டும் சேத்து அமுக்கச் சொல்லிக் குடுங்க, பழைய இடத்துக்கே திரும்பி வந்துரும். அதே மாதிரி தப்பான பட்டன் மேல அமுக்கிட்டா விரல எடுக்காம பாயிண்டர வெளிய நகர்த்திட்டு விடச் சொல்லுங்க, பெரும்பாலான ப்ரோகிராம்ல அமுக்குறப்ப வேல நடக்காது, விரல விடுறப்பதான் நடக்கும்.

தூரத்தக் கொறைங்க, குறியப் பெருசாக்குங்க

1954ல பால் ஃபிட்ஸ்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கு சொன்னாரு: கை ஒரு குறியப் போயித் தொடுற நேரம் அந்தக் குறி எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம்ங்கிற ரெண்டப் பொறுத்தது. மவுஸ் அப்ப கிடையாது, டக்ளஸ் எங்கல்பார்ட்டோட ஆளுங்க முதல் மவுஸ மரத்துல செஞ்சதே 1964லதான். ஆனா அந்தக் கணக்கு மவுஸுக்கும் அப்படியே பொருந்தும்னு 1978ல ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சிக்காரங்க சோதிச்சுப் பாத்துச் சொன்னாங்க. நமக்கு இதுல இருந்து ரெண்டு உடனடி வேல கிடைக்குது.

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போயி ஸ்கேல 125 சதவீதமோ 150ஓ ஆக்குங்க, எழுத்து மட்டுமில்ல, பட்டன், மூடுற எக்ஸ் குறி எல்லாமே பெருசாகும். அடுத்து, ஸ்க்ரீனோட மூலையப் பயன்படுத்துங்க. பாயிண்டர் ஓரத்தத் தாண்டிப் போகவே முடியாது, அதனால மூலைல இருக்குற பட்டன எவ்வளவு வேகமா போனாலும் தவறவே விட முடியாது. விண்டோஸ் 11ல ஸ்டார்ட் பட்டன நடுவுல வச்சுட்டாங்க, பர்சனலைசேஷன்ல டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் போயி அலைன்மெண்ட லெஃப்ட்னு மாத்துங்க, பழையபடி மூலைக்கு வந்துரும். நடுங்குற கைக்கு இது பெரிய வித்தியாசம்.

இடது கைக்காரங்களும் வலது கை விழுந்துபோனவங்களும்

செட்டிங்ஸ்ல மவுஸ் பக்கத்துலயே ப்ரைமரி மவுஸ் பட்டன்னு இருக்கு, ரைட்னு மாத்துங்க. மவுஸும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற சாதாரண மவுஸா இருக்கணும், வலது கைக்குன்னு வளைச்சு செஞ்ச மவுஸ இடது கைல வச்சா விரல் வலிக்கும்.

ஒரே கம்ப்யூட்டர நாலு பேரு பயன்படுத்துற வீடுதான் நம்ம வீடுங்க, கடையும் அப்படித்தான். தாத்தாவுக்காக பட்டன மாத்தி வச்சா பேரன் வந்து திட்டிக்கிட்டே திருப்பி வைப்பான், மறுநாள் தாத்தா எதுவும் புரியாம உக்காந்துருப்பாரு. அதனால அவருக்குன்னு தனி யூசர் அக்கவுண்டு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க. நான் இதுவரைக்கும் சொன்ன செட்டிங்ஸ்ல ஏறக்குறைய எல்லாமே அக்கவுண்டோட சேந்தது, அவரு உள்ள வந்தா அவரு மவுஸு, பேரன் உள்ள வந்தா பேரன் மவுஸு. ஸ்க்ரீன்ல அவரு பேரத் தமிழ்லயே போட்டு ஒரு படமும் வச்சுட்டா எதத் தொடணும்னு கேக்க வேண்டியதே இல்ல.

மவுஸே இல்லாம: மவுஸ் கீஸ்

கீபோர்டுக்கு வலது பக்கம் இருக்குற நம்பர் கீயாலயே பாயிண்டர ஓட்டலாம். அக்சஸிபிலிட்டில மவுஸ் போயி மவுஸ் கீஸ ஆன் பண்ணுங்க. 8 மேல, 2 கீழ, 4 இடது, 6 வலது, மூலைல இருக்குற 7, 9, 1, 3 சாய்வா போகும். 5 கிளிக், + டபுள் கிளிக். 0 அமுக்கினா பட்டன பிடிச்சுக்கிட்ட மாதிரி, புள்ளி அமுக்கினா விட்ட மாதிரி, அதாவது இழுத்துப் போடுற வேல ஒரு விரல்ல முடிஞ்சுரும். ரைட் கிளிக் வேணும்னா முதல்ல - அமுக்கிட்டு 5, திரும்ப சாதாரண கிளிக்குக்கு / அமுக்கணும். கண்ட்ரோல பிடிச்சுக்கிட்டா வேகமா போகும், ஷிஃப்ட பிடிச்சா ஒவ்வொரு புள்ளியா நகரும், அந்த ஆப்ஷனையும் அங்கயே ஆன் பண்ணிக்கோங்க.

நடுக்கம் ரொம்ப அதிகமா இருக்குறவங்களுக்கு இது மவுஸ விட நிதானமா வேல செய்யும், ஏன்னா கை நடுங்கினாலும் பாயிண்டர் நடுங்காது. பெரிய தூரத்துக்கு மவுஸ், கடைசில குறி வைக்கிறதுக்கு மவுஸ் கீஸ்னு ரெண்டையும் சேத்துப் பயன்படுத்தலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான். பத்திரிக்க டிசைன் பண்றவங்க கூட எழுத்த ஒரு புள்ளி நகர்த்த இத வச்சுக்கலாம்.

ஆன் ஆஃப் பண்ண இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூணையும் சேத்து அமுக்குறது ஷார்ட்கட். நம்ம ஊருல ஒரு சிக்கல் இருக்கு, பர்மிய கீபோர்டு, தமிழ் கீபோர்டு, இங்கிலீஷ் மூணும் போட்டு வச்சுருப்போம், இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் மட்டும் சேத்து அமுக்கினா மொழி மாறிரும். நம்லாக்குக்கு விரல் எட்டாம விட்டாங்கன்னா உளுந்துன்னு அடிக்க வேண்டிய இடத்துல பர்மிய எழுத்தா வரும். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்ல இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ் போயி அந்த ஆல்ட் ஷிஃப்ட நிறுத்திருங்க, மொழி மாத்த விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் போதும்.

லேப்டாப்ல நம்பர் கீ இல்லன்னா யூஎஸ்பி நம்பர் பேடுன்னு தனியா கிடைக்கும், வெல கம்மி. வயர்லெஸ் மவுஸ்ல பேட்டரி தீந்து கடை மூடியிருக்குற நேரத்துல எல்லாருக்குமே இது கை குடுக்கும், அதனால வீட்ல எல்லாரும் பழகிக்கோங்க.

கை சுத்தமா முடியலன்னா

வெப்கேமரா போதும். கேமரா மவுஸ்னு ஒரு இலவச ப்ரோகிராம், அமெரிக்காவுல பாஸ்டன் காலேஜ்ல செஞ்சது, மூக்கு நுனியையோ புருவத்தையோ அது பிடிச்சுக்கும், தலைய அசைச்சா பாயிண்டர் அசையும், ஒரு இடத்துல கொஞ்ச நேரம் நிறுத்தினா தானா கிளிக் ஆகும். எனேபிள் வியாகாம்னு இதே வேல செய்யிற ஓப்பன் சோர்ஸ் ப்ரோகிராம் ஒண்ணு விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இருக்கு. ரெண்டுக்குமே முகத்துல நேரா வெளிச்சம் வேணும். இங்க கரண்ட் போறதுக்கு நேரங்காலம் கிடையாது, அதனால ஜன்னலுக்கு எதிரா முகம் இருக்குற மாதிரி மேசயப் போட்டு பகல்ல வேலைய முடிச்சுக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, இல்ல பேட்டரி லைட்ட ஸ்க்ரீனுக்கு மேல வைங்க. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தா முகம் இருட்டாயிரும், வேலைக்காகாது.

விண்டோஸ் 11ல வாய்ஸ் அக்சஸ்னு குரல்ல ஓட்டுறதும் இருக்கு, இங்கிலீஷ்ல கட்டள சொல்லலாம், ஷோ கிரிட்னு சொன்னா ஸ்க்ரீன ஒன்பது கட்டமா பிரிச்சு நம்பர் போடும், நம்பர் சொல்லச் சொல்ல கட்டம் சின்னதாகும், கடைசில கிளிக். பத்து பதினஞ்சு இங்கிலீஷ் சொல்லு தெரிஞ்சா போதும்.

மேக்குல இந்த மாதிரி நிறுத்தினா கிளிக் ஆகுற வசதி, தலையசைச்சு ஓட்டுற வசதி ரெண்டும் அக்சஸிபிலிட்டிக்குள்ளயே இருக்கு. லினக்ஸோட க்னோம் டெஸ்க்டாப்ல நிறுத்தினா கிளிக் ஆகுறதுக்கு ஹோவர் கிளிக்னு இருக்கு. ஆண்ட்ராய்டு ஃபோனுக்கும் ஓடிஜி கேபிள்ல (ஃபோன்ல யூஎஸ்பி சாமான் மாட்ட உதவுற சின்ன கேபிள்) மவுஸ் மாட்டலாங்கிறது நெறைய பேருக்குத் தெரியாது, மாட்டிட்டு அக்சஸிபிலிட்டில ஆட்டோ கிளிக் ஆன் பண்ணா பாயிண்டர நிறுத்துனாலே தொட்ட மாதிரி. கம்ப்யூட்டரே இல்லாத வீட்ல இது போதும்.

எப்ப காசு செலவு பண்ணணும்

மேல சொன்னதெல்லாம் செஞ்சு ரெண்டு வாரம் பாத்த பிறகு. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க, எது உதவுச்சுன்னே தெரியாது, ஒண்ண மாத்துங்க, ரெண்டு மூணு நாள் விடுங்க, அப்புறம் அடுத்தது.

மணிக்கட்டு வலிக்குன்னா கைகுலுக்குற மாதிரி பிடிக்கிற வெர்டிகல் மவுஸ், முன்னங்கை முறுக்கிக்காம இருக்கும். நடுக்கத்துக்கு அது பெருசா உதவாது. தோளும் முழங்கையும் அசைக்க முடியாதவங்களுக்கு ட்ராக்பால், பந்த விரலால உருட்டுறது, மவுஸ் இடத்த விட்டு நகரவே நகராது. கட்டவிரல்ல உருட்டுறது ஒரு வக, நடுவுல பெரிய பந்து வச்சு எல்லா விரலாலயும் உருட்டுறது இன்னொரு வக. கட்டவிரல் மூட்டுல வலி இருந்தா பெரிய பந்துதான் வாங்கணும், அது இடது கைக்கும் ஆகும். பந்த உருட்டி நிறுத்திட்டு கைய எடுத்துட்டு, அப்புறம் பட்டன அமுக்கலாங்கிறதால கிளிக் நேரத்துல விலகுற பிரச்சினயும் தீரும். கடைல பெட்டியப் பாத்து வாங்காம அவங்களையே கூட்டிட்டுப் போயி கைல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. நடுக்கத்துக்குன்னே ஸ்டெடிமவுஸ்னு விண்டோஸுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, உதறல வடிகட்டி, தெரியாம விழுற கிளிக்கையும் தடுக்கும், வன்பொருள் வாங்குறதுக்கு முன்னால அதையும் பாத்துருங்க.

வெப்சைட், ஆப் செய்யிற நம்ம பசங்களுக்கு

நீங்க செய்யிற பட்டன் சின்னதா இருந்தா இவ்வளவு செட்டிங்கும் வீண். வெப்சைட்டுங்களுக்கான அக்சஸிபிலிட்டி விதிகளோட 2.2 பதிப்பு 2023 அக்டோபர்ல வந்துச்சு, அதுல பட்டன் குறைஞ்சது 24க்கு 24 பிக்சல் இருக்கணும், இல்ல பக்கத்துல அதுக்கு ஈடா இடைவெளி விட்டுருக்கணும்னு சொல்லிருக்கு. இழுத்துத்தான் ஆகணும்ங்கிற வேலைக்கு சாதாரண கிளிக்ல முடியிற வழியும் குடுக்கணும். 44 பிக்சல் குடுத்தா இன்னும் நல்லது. பாயிண்டர் மேல பட்டதும் தொறந்து, லேசா விலகினதும் மூடிக்கிற மெனுவ செய்யாதீங்க, நடுங்குற கை அந்த மெனுக்குள்ள ஒரு நாளும் போக முடியாது. அழிக்கிற பட்டனையும் சேமிக்கிற பட்டனையும் ஒட்டி வைக்காதீங்க.

கடைசி வேல: தாள்ல எழுதி வைங்க

கம்ப்யூட்டர் மெதுவாச்சுன்னு கடைல குடுத்தா புதுசா விண்டோஸ் ஏத்திக் குடுத்துருவாங்க, நீங்க பாத்துப் பாத்து வச்சது அத்தனையும் போயிரும். அதனால ஒரு தாள்ல எழுதி மேச ட்ராயர்ல வைங்க: பாயிண்டர் சைஸ் எத்தன, என்ன கலர், ஸ்பீடு ஸ்லைடர் எங்க நிக்குது, ப்ரிசிஷன் டிக் உண்டா இல்லையா, சிங்கிள் கிளிக்கா, கிளிக் லாக் எவ்வளவு நேரம், டிராக்ஹைட் எத்தன, ஸ்கேல் எத்தன சதவீதம், மவுஸ் கீஸ் வேகம் எவ்வளவு, எந்த பட்டனுக்கு என்ன வேல. எக்ஸ் மவுஸ் பட்டன் கண்ட்ரோல்ல ப்ரொஃபைல ஃபைலாவே சேமிக்கலாம், அத ஒரு பென் ட்ரைவ்ல போட்டு அந்தத் தாளோட சேத்து ஒட்டி வைங்க. தமிழ்லயும் பர்மியலயும் எழுதிட்டா, நீங்க ஊர்ல இல்லாத நேரத்துல பக்கத்து வீட்டுப் பையனாலயும் எடுத்துப் பாத்து செட் பண்ண முடியும்.